இரண்டு பட்டம், ஒரே படிப்பு



சென்ற ஆண்டு பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம், எங்கள் தோட்டத்துச் செம்பனை ஆலையில் வேலை செய்யும் ஒருவர் என்னைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தார். அவருடைய மகன் என்னிடம் மூன்றாம் ஆண்டில் படித்தவன். இப்பொழுது பட்டதாரி, உள்நாட்டிலேயே வணிக நிர்வாகம் படித்துத் தேறியிருக்கிறான். தகப்பனார் கையில் வழவழப்பான வண்ணப் புத்தகம் ஒன்று இருந்தது. ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றின் அறிமுக ஏடு.

"சார், இதுல ரெண்டு மாஸ்டர் ஒண்ணாப் படிக்கலாம்னு போட்டிருக்காம். ரெண்டு படிப்பா, ஒரு படிப்பா? நீங்க பார்த்துச் சொன்னாப் போதும்" என்றார்.

அவர் கேட்டது சாதாரணக் கேள்வியன்று. அவருக்கு வயது ஐம்பத்தேழு. அறுபதில் ஓய்வு. ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். ஊழியர் சேமநிதியில் உள்ள பணம்தான் அவர் வாங்க நினைத்திருக்கும் சிறு வீடு. பிள்ளைகளின் உயர்கல்விக்காகச் சேமநிதியின் ஒரு பகுதியை எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. 2024 மே மாதத்திற்குப் பின் அந்தப் பகுதிக்குச் சுபிட்சக் கணக்கு என்னும் பொருளில் 'அக்காவுன் செஜாத்ரா' என்று பெயர். மகனின் படிப்பு, அப்பாவின் வீடு என்று இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

நானோ ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துவிட்டு வாய்பாடும் வாசிப்பும் சொல்லிக்கொடுப்பவன். வணிகவியல் என் துறையன்று. "ஒரு வாரம் பொறுங்கள்" என்று சொல்லி அந்த ஏட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் மூன்று வாரமாயிற்று. அந்த மூன்று வாரத்தில் படித்தும், படித்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். 'மாஸ்டர் ஆஃப் காமர்ஸ்' என்பது வணிகவியல் முதுநிலைப் பட்டம். 'மாஸ்டர் ஆஃப் இன்டர்நேஷனல் பிசினஸ்' என்பது அனைத்துலக வணிக முதுநிலைப் பட்டம். வணிகவியல் பட்டம் என்னும் பெயர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா போன்ற நாடுகளில் அதிகம் வழங்குகிறது. நம் நாட்டில் வணிக நிர்வாகம், கணக்கியல் என்ற பெயர்களே பழக்கம். ஆகவே நம் பெற்றோருக்குக் காமர்ஸ் என்றதும் பழைய இடைநிலைப்பள்ளியின் வாணிபப் பாடம்தான் நினைவுக்கு வருகிறது. அதுவன்று இது. கணக்கியல், நிதி, பொருளியல், சந்தைப்படுத்துதல், புள்ளியியல் ஆகியவை இதன் தூண்கள். ஒரு நிறுவனத்தின் உள்ளே பணம் எப்படி ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பது வணிகவியல். அதே பணமும் பொருளும் நாட்டின் எல்லையைத் தாண்டும்பொழுது என்ன ஆகிறது என்று பார்ப்பது அனைத்துலக வணிகம்.

அந்தத் தகப்பனாருக்கு இதை எப்படி விளக்கினேன் தெரியுமா? அவருடைய ஆலையிலிருந்தே தொடங்கினேன்.

செம்பனைக் குலை அறுத்ததும் ஒரு நாளைக்குள் ஆலைக்கு வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் குறையும், விலை விழும். குலையை அவித்துப் பிழிந்து கச்சா எண்ணெயை டேங்கர் லாரியில் ஏற்றி அனுப்புவதோடு அவருடைய வேலை முடிகிறது. மகன் படிக்க விரும்பும் படிப்பு அந்த லாரி புறப்பட்ட பின்னால்தான் தொடங்குகிறது.

அந்த எண்ணெய்க்கு விலை வைப்பவர் யார்? தோட்ட நிருவாகி அல்லர். கோலாலம்பூரில் 1980இல் தொடங்கிய முன்பேரச் சந்தை இருக்கிறது. மூன்று மாதம் கழித்துக் கொடுக்கப்போகும் எண்ணெய்க்கு இன்றே அங்கே விலை பேசுகிறார்கள். ஓர் ஒப்பந்தம் என்பது 25 டன். விலை இறங்கிவிடுமோ என்று அஞ்சும் உற்பத்தியாளர் இன்றைய விலைக்கே விற்று வைத்துக்கொள்கிறார். ஏறிவிடுமோ என்று அஞ்சும் ஆலைக்காரர் வாங்கி வைத்துக்கொள்கிறார். இருவரும் தத்தம் அச்சத்தைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். ஊடே ஊகவாணிகரும் நுழைந்து இலாபம் பார்ப்பதுண்டு. இது நிதிப் பாடம்.

எண்ணெய் இந்தியாவுக்குப் போகிறது என்று வையுங்கள். அங்கே 2024 செப்டம்பரில் கச்சாச் சமையல் எண்ணெய்க்கான அடிப்படை இறக்குமதித் தீர்வையை 20 விழுக்காடாக ஆக்கினார்கள். 2025 மே மாத இறுதியில் அதைப் பத்தாகக் குறைத்தார்கள். புது டில்லியில் ஒரு கையெழுத்து விழுந்தால் நம் தோட்டத்துக் குலை விலை அசைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் இயற்றியது. 2020ஆம் ஆண்டு முடிந்த பிறகு காடு அழித்த நிலத்தில் விளைந்த செம்பனை, இரப்பர், கோக்கோ முதலியவற்றை அங்கே விற்கக்கூடாது. எந்த நிலத்தில் விளைந்தது என்று இடக்குறிப்போடு காட்ட வேண்டும். அது நடைமுறைக்கு வரும் நாளை ஒருமுறைக்குமேல் தள்ளிப்போட்டார்கள் என்றாலும், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்வரை அதன் கவலை வந்துவிட்டது. இது அனைத்துலக வணிகப் பாடம்.

அடுத்தது பணம் வாங்கும் கதை. எனக்கு மிகவும் சுவையாக இருந்த பகுதி இதுதான். சென்னையில் உள்ளவரை நான் பார்த்ததில்லை. அவரும் என்னைப் பார்த்ததில்லை. பொருளை முதலில் அனுப்ப எனக்குப் பயம். பணத்தை முதலில் அனுப்ப அவருக்குப் பயம். நடுவில் வங்கி வருகிறது. வாங்குபவரின் வங்கி, "இன்னின்ன பத்திரங்களைக் காட்டினால் பணம் தருகிறேன்" என்று உறுதிக் கடிதம் கொடுக்கிறது. எல்.சி. என்று துறைமுகத்தில் எல்லாரும் சொல்வது இதைத்தான். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வங்கி எண்ணெயைப் பார்ப்பதில்லை. காகிதத்தைத்தான் பார்க்கிறது. கப்பல் சரக்குச் சீட்டில் தேதி தவறினால், விலைப்பட்டியலில் பொருளின் விவரம் கடிதத்தோடு ஒத்துவராவிட்டால், எண்ணெய் எவ்வளவு நல்லதாயினும் பணம் நின்றுபோகும். எங்கள் வகுப்பில் ஒற்றெழுத்து விட்டதற்கு நான் அரை மதிப்பெண் குறைப்பதுண்டு. அங்கே ஓர் எழுத்துக்கு ஒரு கப்பல் சரக்கின் பணமே காத்திருக்கலாம்.

சரக்கு கடலில் கெட்டால் யாருக்கு நட்டம்? அதற்கும் சுருக்கச் சொற்கள் இருக்கின்றன. அனைத்துலக வணிகச் சங்கம் 1936இல் முதலில் வெளியிட்டது. கடைசியாக 2020இல் திருத்தியபொழுது பதினொரு சொற்கள். எஃப்.ஓ.பி. என்றால் சரக்கு நம் துறைமுகத்தில் கப்பலில் ஏறும்வரைதான் விற்பவர் பொறுப்பு. சி.ஐ.எஃப். என்றால் கப்பல் கூலியும் காப்புறுதியும் விற்பவர் கட்ட வேண்டும். ஆனால் கப்பலில் ஏறியதும் சேதத்தின் பொறுப்பு வாங்குபவருக்குப் போய்விடுகிறது. கூலியை ஒருவர் கட்ட, ஆபத்தை மற்றவர் சுமப்பதா என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன், இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

இனி நாணய மாற்று. இதைப் புத்தகத்தில் படிக்க வேண்டிய தேவை என் வயதினருக்கு இல்லை. 1997ஆம் ஆண்டு நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்கு இரண்டரை ரிங்கிட். 1998 ஜனவரியில் 4 ரிங்கிட் 88 காசுவரை போயிற்று. வெளிநாட்டில் பத்தாயிரம் டாலர் கட்டணம் என்றால் இருபத்தையாயிரம் வெள்ளி தேவைப்பட்ட இடத்தில் நாற்பத்தெட்டாயிரத்துக்குமேல் தேவைப்பட்டது. எங்கள் ஊரில் ஒரு பெட்டிக்கடைக்காரரின் மகன் பாதிப் படிப்பில் திரும்பி வந்தான். அவன் ஒரு பாடத்திலும் தவறவில்லை. 1998 செப்டம்பரில் 3.80 என்று அரசாங்கம் நிலைநிறுத்தியது. 2005 ஜூலைவரை அது நீடித்தது. அனைத்துலக வணிகம் படிக்கப்போகும் பிள்ளை, தன் கட்டணத்தையே முதல் பாடமாக எடுத்துக்கொண்டு, நாணயம் பத்து விழுக்காடு வீழ்ந்தால் வீட்டில் என்ன ஆகும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்பொழுது அவர் கேட்ட கேள்விக்கு வருவோம். இரண்டு படிப்பா, ஒன்றா?

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். தனித்தனியே படித்தால் ஒவ்வொரு பட்டத்துக்கும் பன்னிரண்டு பாடம் என்று வையுங்கள். மொத்தம் இருபத்து நான்கு. ஆஸ்திரேலியாவில் முழுநேர மாணவர் ஆண்டுக்கு எட்டுப் பாடம் எடுப்பது வழக்கம். ஆக மூன்று ஆண்டு. ஆனால் பொருளியல், புள்ளியியல், கணக்கியல் அடிப்படை போன்றவை இரண்டுக்கும் பொது. அந்தப் பொதுப் பாடம் எட்டு என்றால், ஒரு முறை படித்து இரண்டு பக்கமும் வரவு வைத்துக்கொள்ளலாம். மிஞ்சுவது பதினாறு பாடம், இரண்டு ஆண்டு. பட்டச் சான்றிதழ் இரண்டு கிடைக்கும். படிப்பு இரண்டு அன்று. ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் என்று சொன்னால் சரியாக இருக்கும். இந்த எண்கள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். கேட்க வேண்டிய கேள்வி மட்டும் மாறாது: பொதுப் பாடம் எத்தனை, முன்பே படித்த பட்டத்துக்காக எத்தனை பாடம் கழிப்பார்கள்?

இரண்டையும் சேர்த்துப் படிப்பதில் உண்மையான பயன் இல்லையா? இருக்கிறது. ஒரே குழுமத்தின் மலேசிய நிறுவனம் தன் வெளிநாட்டுக் கிளைக்கு எண்ணெயை மலிவாக விற்கிறது; அந்தக் கிளை உலக விலைக்கு விற்கிறது. இலாபம் வரி குறைந்த நாட்டில் போய்ச் சேர்கிறது. அந்நியருக்கு விற்கும் விலையிலேயே தன் கிளைக்கும் விற்றதாகக் கணக்கிட வேண்டும் என்று நம் வருமான வரிச் சட்டத்தில் 2009 முதல் தனி விதியே உண்டு. இதைப் புரிந்துகொள்ளக் கணக்கியலும் வேண்டும். அயல்நாட்டுச் சட்டமும் வாணிபமும் வேண்டும். இத்தகைய வேலைக்குப் போகிறவனுக்கு இந்தக் கூட்டுப் படிப்பு பொருத்தமானது. பொதுவான அலுவலக வேலைக்கு ஒன்றே அதிகம் என்பது என் கருத்து.

அந்த ஏட்டை விற்க வந்த கல்வி முகவர் பையனிடம் மூன்று செய்திகள் சொல்லியிருந்தார். "இரண்டு பட்டம் என்றால் இரண்டு மடங்கு சம்பளம்" என்பது ஒன்று. அதற்குப் பதில் சொல்ல நான் நேரம் செலவிடவில்லை. "இதை முடித்தால் கணக்காய்வாளர் ஆகிவிடலாம்" என்பது இரண்டாவது. வணிகவியல் முதுநிலை என்ற பெயர் மட்டும் ஒருவரைக் கணக்காளர் ஆக்காது. அந்தக் குறிப்பிட்ட படிப்பைச் சி.பி.ஏ. ஆஸ்திரேலியா போன்ற தொழிற்கழகம் ஏற்றிருக்க வேண்டும். பிறகு அதன் தேர்வுகளும் வேலை அனுபவமும் வேண்டும். நம் நாட்டில் 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிய வேண்டும். மூன்றாவது செய்திதான் வேடிக்கை. "அங்கே முதுநிலை ஒன்பதாம் படி, மலேசியாவில் ஏழாம் படிதான்." உண்மைதான். அவர்களுடைய தகுதி ஏணியில் பத்துப் படி, நம்முடையதில் எட்டு. இரண்டிலும் கடைசிப் படி முனைவர் பட்டமே. ஏணியின் படிகளை எண்ணாமல் உயரத்தை எப்படிச் சொல்வது?

முகவர்கள் எல்லாரும் அப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் சேர்த்துவிட்ட மாணவருக்காகப் பல்கலைக்கழகத்திடமிருந்து தரகு வாங்குகிறவர்கள் அவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

செலவில் கட்டணம் மட்டும் பார்க்கக்கூடாது. ஆஸ்திரேலிய மாணவர் விசா விண்ணப்பக் கட்டணம் 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆகவும், 2025 ஜூலையில் 2,000 ஆகவும் உயர்ந்தது. ஓர் ஆண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் இருப்பதைக் காட்ட வேண்டும் என்று 2024 மே மாதம் விதித்தார்கள். பாட காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பது 2023 ஜூலையில் வந்த விதி. பகுதிநேர வேலையிலேயே கட்டணம் கட்டிவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

கடல் கடக்காத வழியும் உண்டு. மோனாஷ் பல்கலைக்கழகம் 1998இலும், கர்ட்டின் மிரியில் 1999இலும், இங்கிலாந்தின் நாட்டிங்ஹம் 2000த்திலும் நம் நாட்டில் கிளை திறந்தன. அரசாங்கப் பல்கலைக்கழகங்களிலும் முதுநிலை வணிகப் படிப்புகள் இருக்கின்றன. உள்நாட்டில் எங்கே சேர்ந்தாலும் அந்தப் படிப்பு மலேசியத் தகுதி முகவையின் பதிவேட்டில் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கட்ட வேண்டும். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது. படிப்பின் பெயர் இருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து அப்பாவும் மகனும் என் வீட்டுக்கு வந்தார்கள். இவ்வளவையும் சொன்னேன். பையன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சார், எல்.சி.ன்னா என்னன்னு நான் பரீட்சையில எழுதியிருக்கேன். ஒண்ணைக் கண்ணால பார்த்ததில்லை" என்றான். அப்பா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

இப்பொழுது அவன் கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறான். சம்பளத்தில் பாதியைத் தனிக் கணக்கில் போடுகிறான். சேமநிதியை இன்னும் தொடவில்லை. தீபாவளிக்கு வந்தவன், தேதி தவறியதால் வங்கி திருப்பி அனுப்பிய ஒரு சரக்குச் சீட்டைப் பற்றி அரைமணி நேரம் சொன்னான். அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கப் போகிறானாம். இரண்டு பட்டமா, ஒன்றா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த வண்ண ஏடு என் மேசையில்தான் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.