ஓட்டை தெரிய எத்தனை மடங்கு வேண்டும்?

துப்பாக்கிச் சுடும் விளையாட்டில் புதிதாகச் சேரும் மாணவர்கள் சில வாரங்களிலேயே ஒரு கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். “நான் சுட்ட தோட்டா எங்கே பட்டது என்று இங்கிருந்தே பார்க்க வேண்டும். எத்தனை மடங்கு பெருக்கும் ஸ்கோப் வாங்கலாம்?”

கேள்வி நியாயமானதுதான். ஐந்து தோட்டாக்களைச் சுட்டுவிட்டு, அவை எங்கே போயின என்று தெரியாமல் ஆறாவதைச் சுடுவதால் யாருக்கும் திறன் கூடப்போவதில்லை. ஆனால், இணையக் கடைகள் தரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: எண் பெரிதாக இருந்தால் நல்லது. 24 மடங்கு, 40 மடங்கு, 60 மடங்கு என்று விளம்பரங்கள் ஏறிக்கொண்டே போகும். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தோடு தேடும் மாணவருக்கு முதலில் கண்ணில் படுவதும் அந்த எண்தான். என்னைக் கேட்டால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களில் மிகக் குறைவாக நம்ப வேண்டியது அதுவே.

ஏன் என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு பொருள் நமக்குத் தெரிவதும் தெரியாததும் அது நம் கண்ணில் எவ்வளவு கோணத்தை அடைக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு பாகையை 60ஆகப் பிரித்தால் ஒரு கலை. கலையை மீண்டும் 60ஆகப் பிரித்தால் ஒரு விகலை. நல்ல பார்வையுள்ள கண், ஏறக்குறைய ஒரு கலை, அதாவது 60 விகலை அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியும்.

300 மீட்டர் தூரத்தில் உள்ள இலக்கு அட்டையில் 7.62 மில்லிமீட்டர் தோட்டா போடும் ஓட்டை சுமார் 5 விகலைதான். அதை 60 விகலைக்குக் கொண்டுவர 12 மடங்கு பெருக்கம் போதும். 5.56 மில்லிமீட்டர் தோட்டா என்றால் 16 மடங்கு. கணக்குப்படி இவ்வளவுதான். ஆனால், தாளில் விழும் ஓட்டை தோட்டாவைவிடச் சற்றுச் சிறியதாகவே இருக்கும், ஓரங்கள் கிழிந்து தொங்கும், கண் களைத்திருக்கும். அதனால், கணக்கில் வருவதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு வைத்துக்கொள்வது நல்லது. 5.56 ஓட்டைக்கு 100 மீட்டரில் சுமார் 13, 200 மீட்டரில் 25, 300 மீட்டரில் 40 மடங்கு என்று கொள்ளலாம்.

தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியைப் பிடித்தவர்களுக்குத் தெரியும், அதில் உள்ள பார்வைக் கருவியின் பெருக்கம் 1.5 மடங்குதான். அது விரைவாகக் குறிவைப்பதற்கு. குறிவைப்பது ஒரு வேலை, ஓட்டையைத் தேடுவது இன்னொரு வேலை. சிங்கப்பூரின் ஜாஸ்மின் செர் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டுகளில் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் தங்கம் வென்றபோது அவர் துப்பாக்கியில் ஸ்கோப்பே இல்லை. அனைத்துலக விதிகள் அந்தப் போட்டியில் அதை அனுமதிப்பதில்லை. சிறு துளை வழியாகப் பார்த்துக் குறிவைக்க வேண்டும்.

கண்ணாடியின் விட்டம்

பெருக்கம் படத்தைப் பெரிதாக்கும். அந்தப் படத்தில் எவ்வளவு நுணுக்கம் இருக்கும் என்பதை முன்பக்க லென்ஸின் விட்டம் தீர்மானிக்கிறது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய வானியலாளர் வில்லியம் டாஸ் இரட்டை விண்மீன்களைப் பார்த்து ஒரு விதி கண்டறிந்தார்: 116ஐ லென்ஸின் விட்டத்தால் (மில்லிமீட்டரில்) வகுத்தால், அந்தத் தொலைநோக்கி பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் விகலையில் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 2.3 விகலை. 80 மில்லிமீட்டர் என்றால் 1.45.

அதற்குமேல் எத்தனை மடங்கு பெருக்கினாலும் புதிதாக எதுவும் தெரியாது. கைப்பேசியில் எடுத்த படத்தை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்குவதுபோல்தான். வெளிச்சமும் குறையும். லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் 25 மடங்கு வைத்தால் 2 மில்லிமீட்டர். பகல் நேரத்தில் அது போதும். அதே லென்ஸில் 50 மடங்கு வைத்தால் ஒரே ஒரு மில்லிமீட்டர். படம் மங்கும், கண்ணைச் சற்று நகர்த்தினாலும் இருட்டு. மலிவான கருவிகளில், ஓட்டையைச் சுற்றி ஊதா நிற விளிம்பும் சேர்ந்துகொள்ளும். தெளிவான 25 மடங்கு கையில் இருந்தால், கலங்கிய 60 மடங்கைப் பற்றி நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

இன்னோர் இழப்பும் உண்டு. 60 மடங்கில் பார்வைப் பரப்பு சுமார் ஒரு பாகைக்குச் சுருங்கிவிடும். 100 மீட்டரில் ஏறத்தாழ 1.7 மீட்டர் அகலம்தான் தெரியும். வரிசையாக நிற்கும் அட்டைகளில் எது உங்களுடையது என்று குழம்புவது எளிது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மேட் எமன்ஸ், 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்றில் முன்னணியில் இருந்தார். கடைசித் தோட்டாவைப் பக்கத்து வீரரின் இலக்கில் சுட்டார். புள்ளி பூஜ்யம். தங்கம் சீனாவின் ஜியா சான்போவுக்குப் போனது. எமன்ஸ் எட்டாம் இடத்துக்கு இறங்கினார். அவர் ஸ்கோப்பால் குறிவைக்கவில்லை. ஆனாலும், கவனம் ஒரு சிறு வட்டத்துக்குள் சுருங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கொடுமையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நம்மூர் வெயில்

இனி வருவதை எந்த விளம்பரமும் சொல்லாது. இருக்கும் லென்ஸ் எதுவாக இருந்தாலும், உங்களுக்கும் அட்டைக்கும் இடையில் காற்று இருக்கிறது. காலை பத்து மணியைத் தாண்டிவிட்டால் சூடான தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைத்து வளைத்து ஆட்டும். நெடுஞ்சாலையில் தெரியும் கானல்நீர்தான் இதுவும். 15 மடங்கில் அட்டையின் ஓரம் இலேசாக நெளியும். 40 மடங்கில் அட்டை முழுவதும் கொதிக்கும் பாயசம்போல் தளும்பும். பெருக்கம் கூடினால் கானலும் சேர்ந்து பெருகும். அந்த நேரத்தில் பெருக்கத்தைக் குறைத்தால்தான் ஓட்டை தெரியும். மழை பெய்து ஓய்ந்து மேகம் மூடிய காலையில் தெரிந்த அதே ஓட்டை, அதே கருவியில், நண்பகலில் காணாமல் போய்விடும்.

கானலால் பயனும் உண்டு. கருவியின் குவியத்தை இலக்குக்குச் சற்று முன்னால் கொண்டுவந்தால் கானல் அலைகள் தெளிவாகத் தெரியும். அவை இடமிருந்து வலமாக ஓடினால் காற்றும் அப்படித்தான் வீசுகிறது. நேராக மேலே எழுந்தால் பக்கக் காற்று இல்லை. அனுபவமுள்ளவர்கள் ஓட்டையைத் தேடும் நேரத்தைவிட இந்த அலைகளைப் படிக்கும் நேரமே அதிகம்.

இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தில் 1,000 கெஜம், அதாவது 914 மீட்டர் தூரத்துக்குப் போட்டி நடக்கிறது. அங்கே 7.62 ஓட்டை 2 விகலைகூட இல்லை. அதனால், யாரும் ஓட்டையைப் பார்க்க முயல்வதில்லை. ஒவ்வொரு தோட்டாவுக்குப் பிறகும் பள்ளத்தில் இருக்கும் உதவியாளர் இலக்கைக் கீழே இறக்கி, ஓட்டையில் ஒரு வட்டத் தகட்டைச் செருகி மீண்டும் உயர்த்துவார். சுடுபவர் பார்ப்பது அந்தத் தகட்டைத்தான். ஒலிம்பிக்கில் மின்னணு இலக்குகள் வந்த பிறகு, தோட்டா பட்ட இடம் பக்கத்துத் திரையில் உடனே தெரிகிறது.

அந்த வசதிகள் இல்லாத மாணவர்களும் அட்டையை மாற்றலாம். கறுப்பு வட்டத்துக்குள் விழும் கறுப்பு ஓட்டையை எந்தக் கருவியாலும் எளிதில் காட்ட முடியாது. தோட்டா பட்டதும் மேல்பூச்சு உதிர்ந்து, ஓட்டையைச் சுற்றி மஞ்சள் வளையம் தோன்றும் ஒட்டுத்தாள்கள் கிடைக்கின்றன. சில வெள்ளிதான். கொஞ்சம் பழைய 20 மடங்கு கருவிக்கு இந்தத் தாள் செய்யும் உதவியை, நூற்றுக்கணக்கில் செலவழித்து வாங்கும் புதுக் கருவியும் செய்யாது.

துப்பாக்கியிலா, முக்காலியிலா?

துப்பாக்கியில் பொருத்தும் ஸ்கோப்பையே ஓட்டை பார்க்கவும் பயன்படுத்தலாமே என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுடுதளத்தில் அட்டை மாற்ற ஒருவர் முன்னால் போய்விட்டால், துப்பாக்கியை யாரும் தொடக்கூடாது. “சும்மா ஓட்டையைத்தான் பார்த்தேன்” என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. முக்காலியில் நிற்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் எந்தக் குழலோடும் சேர்ந்ததன்று. ஒருவர் சுட, இன்னொருவர் பார்த்துச் சொல்லலாம்; கைப்பேசியைப் பொருத்தி எல்லாரும் பார்க்கலாம். எங்கள் பல்கலைக்கழகச் சங்கத்தில் ஏழு பேருக்கு ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப். யாரும் குறைசொன்னதில்லை. ஒவ்வொரு தோட்டாவுக்கும் தலையைத் தூக்கி ஓட்டையைத் தேடும் பழக்கமும் அதனால் எங்களிடம் ஒட்டவில்லை.

இருந்தும் துப்பாக்கிக்கே ஸ்கோப் வாங்குவதென்றால், குறுக்குக் கோட்டின் தடிப்பைக் கவனியுங்கள். 0.03 மில் தடிப்புள்ள கோடு 300 மீட்டரில் 9 மில்லிமீட்டரை மறைக்கும். நீங்கள் தேடும் ஓட்டையே அதன் பின்னால் போய்விடும். பணம் கட்டுமுன், உரிம விதிகளைப் பற்றிச் சங்கப் பொறுப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.

ஸ்பாட்டிங் ஸ்கோப் என்றால், வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்கத் துப்பாக்கி தேவையில்லை. அலுவலகத்தில் கோப்புக்குத் துளையிடும் கருவி போடும் துளையின் விட்டம் 6 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு தோட்டா ஓட்டை. வெள்ளைத் தாளில் நான்கைந்து துளைகள் போட்டு, பின்னால் கறுப்புத் தாளை ஒட்டி, ஓட்டப்பந்தயத் திடலின் 100 மீட்டர் நேர்கோட்டின் மறுமுனையில் நிறுத்துங்கள். நண்பரிடம் இரவல் வாங்கிய கருவியையோ கடைக்காரர் தரும் மாதிரியையோ கொண்டு, 15 மடங்கில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். எந்த எண்ணுக்கு மேல் படம் பெரிதாகியும் துளை தெளிவாகவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு ஒருமுறை, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒருமுறை.