எண்ணெய்க் கிணறும் ஊர் நலமும்

காரைக்கால் நாட்டின் தென்கோடியில், நாகூரை அடுத்து, கடலோரத்தே அமைந்த சிற்றூர் கீழவாஞ்சூர். இவ்வூரைக் கடந்து தெற்கே சென்றால் புதுச்சேரியின் ஆட்சி முடிந்து தமிழ்நாடு தொடங்கும். இவ்வெல்லை மண்ணின் மேலே உள்ளதேயன்றி, மண்ணுக்கு அடியில் இல்லை. அங்கே, பல கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த பாறையடுக்குகளில் எண்ணெயும் எரிவாயுவும் தங்கியுள்ளன.

1980ஆம் ஆண்டுகளில் அருகிலுள்ள நரிமணத்தில் எண்ணெய் எடுக்கப்பெற்றது. 1993இல் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. பின்னர் அது மூடப்பட்டு, அதனினும் மிகப் பெரிய ஆலைக்கு 2021இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 2000ஆம் ஆண்டில் திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. இப்படுகையின் வாயுவே அதற்கு எரிபொருள். காலடியில் கிடைத்த பொருள் காரைக்கால் வீடுகளில் விளக்காய் எரிவது கண்கூடான நன்மையன்றோ? அயல்நாட்டிலிருந்து எண்ணெய் வாங்கும் செலவும் அந்த அளவுக்குக் குறைகின்றது.

எல்லா நன்மையும் இவ்வாறு ஊரிலேயே தங்குவதில்லை. நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்குரிய உரிமைத்தொகை மாநில அரசைச் சேரும். கடலில் எடுப்பதற்கோ அது நடுவண் அரசைச் சேரும். கடலையே நம்பி வாழும் மீனவருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. வருவாய் தொலைவிற்குச் செல்லினும், கேடு வருமாயின் அது அவர்கள் கரைக்கே வரும்.

2017ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கும்பகோணத்தை அடுத்த கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலிற் பரவியது. எண்ணெயோடு நிலத்தடியிலிருந்து மேலேறும் நீரும் உப்பு மிகுந்தது. அது பாய்ந்த மண்ணில் நெல் செழிப்பதில்லை. 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கீழவாஞ்சூருக்கு அண்மையிலுள்ள நாகூர்ப் பட்டினச்சேரிக் கரையில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்து கடல்நீரிற் கலந்தது. குழாயை அறவே அகற்றுமாறு மீனவர்கள் கோரினர். எடுத்த எண்ணெயைப் பீப்பாய் பீப்பாயாகக் கணக்கிடுவோர் ஏட்டில், வலை வீசாது கழிந்த நாளுக்கு இடமில்லை. இரண்டையும் ஒருங்கே எழுதினாலன்றி, ஊருக்கு வந்தது இலாபமா நட்டமா என்று கூறுதல் இயலாது.

எண்ணெயோ ஒருகாலத்தில் தீரும். வயலும் கடலும் ஆண்டுதோறும் ஊட்டுவன. இதனை எண்ணியே தமிழ்நாட்டரசு 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. அங்குப் புதிய எண்ணெய்க் கிணறுகள் தோண்டுதல் அச்சட்டத்தால் தடுக்கப்பட்டது. முன்பே இயங்கிவந்த கிணறுகளை அது நிறுத்தவில்லை. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்ததாதலின், அச்சட்டத்தின் ஆணை கீழவாஞ்சூர் எல்லையோடு நின்றுவிடுகின்றது.