முடி சூடாத வெற்றியாளர்



கிரிக்கெற் ஆட்டத்திலே பழகிய நமக்கு, அமெரிக்கர் போற்றும் பேஸ்போல் சற்றே புதியது. ஆயினும், அவ்வாட்டத்தைக் கற்பித்த ஓர் ஆசானின் வாழ்க்கை எந்நாட்டவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது. நாற்பது ஆண்டுகள் வெற்றிகளைக் குவித்த அவர், தாம் நாடிய ஒரு கிண்ணத்தை மட்டும் ஒருபோதும் பெற்றாரில்லை. அவர் பெயர் மைக் மார்ட்டின்.

1944 ஆம் ஆண்டில் வட கரோலினாவிலே பிறந்த மார்ட்டின், தலஹாசி நகரிலுள்ள புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்திற் பயின்று, அதன் அணியிலும் ஆடினார். பின்னர் தொழில்முறை ஆட்டத்திற் புகுந்தார். அத்துறை ஓர் ஏணி போன்றது. பெரிய கழகங்கள் ஒவ்வொன்றின் கீழும் பல படிகளாகச் சிற்றணிகள் உள்ளன. அவற்றிலே ஆடுவோர் சொற்ப ஊதியம் பெற்று, ஊர் ஊராகப் பேருந்திலே அலைந்து, மேலே அழைக்கப்படும் நாளுக்காகக் காத்திருப்பர். பெரும்பாலோருக்கு அந்நாள் வருவதேயில்லை. நியூயோர்க் மெட்ஸ், டெற்றோயிற் டைகர்ஸ் ஆகிய கழகங்களின் சிற்றணிகளில் ஆடிய மார்ட்டினுக்கும் அது வரவில்லை.

ஏணியில் ஏற இயலாதவர், பிறரை ஏற்றிவிடும் பணியை மேற்கொண்டார். 1975 இல் தாம் கற்ற பல்கலைக்கழகத்திலே துணைப் பயிற்றுநராகச் சேர்ந்து, 1980 இல் தலைமைப் பயிற்றுநரானார். 2019 இல் ஓய்வு பெறும்வரை, நாற்பது பருவங்களில் ஒன்றிலேனும் அவர் அணி நாற்பது வெற்றிகளுக்குக் குறைந்ததில்லை. தேசியப் போட்டிக்குத் தெரிவு செய்யப்படாத ஆண்டும் இல்லை. 1,975 வெற்றிகள் ஈட்டிய ஓகி கரிடோவின் சாதனையை 2018 மே மாதத்தில் அவர் கடந்தார். ஓய்வு பெற்றபோது அவரது வெற்றிகள் 2,029. கல்லூரிப் பேஸ்போலில் அத்துணை வெற்றிகளை அதற்குமுன் எவரும் கண்டதில்லை.

ஆனால், கரிடோ ஐந்து முறை தேசிய வாகை சூடியவர். மார்ட்டின் ஒரு முறையேனும் சூடாதவர்.

அவ்வாகைக்கான இறுதிக் கட்டம் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாகா நகரிலே நடைபெறுகின்றது. எட்டு அணிகள் அங்கு கூடும். தொடக்கச் சுற்றில் இரண்டு தோல்விகள் கண்ட அணி வீடு திரும்ப வேண்டும். மார்ட்டின் தம் அணியைப் பதினேழு முறை அங்கு அழைத்துச் சென்றார். 1986 இல் இறுதியாட்டத்தில் அரிசோனாவிடம் தோற்றார். 1999 இல் மயாமியிடம் 5க்கு 6 என்ற கணக்கில், ஒரே ஓட்டத்தால் வாகையை இழந்தார். 2019 இல், தமது கடைசிப் பருவத்திலும் ஒமாகாவை அடைந்தார். முதலாட்டத்தில் ஆர்கன்சாவை 1க்கு 0 என வென்ற அணி, அடுத்த இரண்டிலும் தோற்றது. அத்துடன் அவர் பணியும் முடிந்தது.

இதனை விதி என்று கூறி விட்டுவிடலாமா? ஆட்டத்தின் இயல்பிலேயே ஒரு காரணம் உண்டு. பத்து முறை மட்டை பிடித்து ஏழு முறை தவறுபவரும் பேஸ்போலிலே சிறந்த வீரராகவே கருதப்படுவர். ஐம்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் கொண்ட நெடும் பருவத்திலே திறமை தன் நிறத்தைக் காட்டும். சில நாட் போட்டியிலோ, ஒரு பந்து சற்றே விலகி வீழ்ந்தாலும் முடிவு மாறிவிடும். ஒமாகா அளப்பது ஒரு வாரத்தை. மார்ட்டினின் கணக்கு நாற்பது ஆண்டுகளை அளக்கின்றது.

அவரிடம் பயின்றோர் வாயிலாக வேறோர் அளவையும் கிடைக்கின்றது. பஸ்ரர் போசி என்னும் இளைஞர் உள்வட்டக் காவலராக வந்து சேர்ந்தார். அங்கேதான் மட்டையாளருக்குப் பின்னே நின்று பந்தைப் பிடிக்கும் கடினமான இடத்துக்கு மாற்றப்பட்டார். பின்னர் சான் பிரான்சிஸ்கோ அணியுடன் 2010, 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் தொழில்முறை ஆட்டத்தின் உச்ச வாகையைச் சூடினார். ஆசான் எட்டாத படிகளை மாணவர் எட்டினர்.

2024 பெப்ரவரி முதலாந் திகதி மார்ட்டின் காலமானார். அவர் பயிற்றுவித்த ஆடுகளம் 2005 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. கிண்ணம் ஒரு நாளின் பரிசு. ஆண்டுதோறும் புதிதாய் வரும் இளைஞரை அயராது ஆளாக்குவதோ ஒரு வாழ்நாளின் பணி. முன்னதைப் பெறாதவர் பின்னதில் தோற்றவர் ஆகார்.