மழலை உடல் கற்ற பாடம்

1979 ஆம் ஆண்டில் என் வகுப்பிலே ஒரு சிறுவன் இருந்தான். நான் பேசுங்கால் அவன் என் உதடுகளையே உற்று நோக்குவான். எட்டு மாதக் குழந்தையாயிருந்தபோது மூளைமென்சவ்வழற்சி அவனைப் பற்றிற்றாம். உயிர் மீண்டது, செவிப்புலன் மீளவில்லை. "எட்டு மாசப் பிள்ளைக்கு வருத்தத்தோடை சண்டை பிடிக்க என்ன தெரியும், மாஸ்டர்?" என்று அவன் தாயார் கேட்ட வினா என் நெஞ்சை விட்டகலவில்லை. அதற்குரிய விடையைப் பிற்காலத்தில் நூல்களிலே தேடிக் கண்டேன்.

அக்காலத்தில் இந்நோயால் மழலைகளை மிகுதியும் வருத்திய பற்றீரியாக்களுள் ஒன்று ஹீமோபிலஸ் இன்புளுவென்சா 'பி'. பல்சக்கரைட்டு என்னும் வெல்லச் சங்கிலிகளாலான போர்வையை அது போர்த்திருக்கும். வளர்ந்தோர் உடல் அப்போர்வையை இனங்கண்டு பிறபொருளெதிரிகளை ஆக்கும். அவை கிருமிமீது ஒட்டியதும் குருதிப் புரதங்கள் சில அதன் சுவரைத் துளைக்கும். வெண்குழியங்கள் அதனை விழுங்கும். குழந்தையின் நிலை வேறு. கருவிலே தாய் ஈந்த பிறபொருளெதிரிகள் சில மாதங்களில் தேய்ந்துவிடும். வெல்லப் போர்வையை இனங்காணும் ஆற்றலோ இரண்டு வயதளவிலேதான் முதிரும். இடைப்பட்ட காலமே ஆபத்தின் காலம்.

போர்வையை மட்டும் பிரித்தெடுத்து ஊசியாக ஏற்றினாற் போதாதோ? 1974 இல் பின்லாந்திலே அவ்வாறு செய்து பார்த்தனர். ஒன்றரை வயதைக் கடந்தோர் காப்புப் பெற்றனர். அதற்குட்பட்ட குழந்தைகள் பெறவில்லை. எவர்க்கு மிக வேண்டியதோ அவர்க்கே அவ்வூசி உதவவில்லை.

வழியோ முன்னரே காட்டப்பட்டிருந்தது. 1931 இல் நியூயோர்க் நகரிலே ஏவரி, கோபெல் என்போர் நியூமோகொக்கசுக் கிருமியின் பல்சக்கரைட்டைப் புரதமொன்றுடன் பிணைத்து முயல்களுக்கு ஏற்றினர். தனி வெல்லத்துக்கு வாளாவிருந்த முயலுடல், பிணைத்துக் கொடுத்ததும் பிறபொருளெதிரிகளை ஆக்கிற்று. அந்நெறியிலே 1980 இல் இறேச்சல் ஷ்னீர்சன், ஜோன் றொபின்ஸ் ஆகியோர் 'பி' வகைக் கிருமியின் போர்வையைப் புரதத்துடன் பிணைத்தனர்.

இப்பிணைப்பின் பயன் யாது? பி நிணநீர்க்குழியம் வெல்லத்தைப் பற்றுகையில் உடன்பிணைந்த புரதத்தையும் உள்ளிழுக்கிறது. அப்புரதத்தின் துண்டுகளை ரி நிணநீர்க்குழியத்துக்குக் காட்டுகிறது. ரி குழியம் துணை நிற்க, பி குழியம் பெருகிப் பிறபொருளெதிரிகளைச் சுரக்கிறது. நினைவுக் குழியங்களும் தோன்றுகின்றன. ஏற்புவலி, தொண்டைக்கரப்பான் நோய்களின் நச்சகற்றிய புரதங்களும் இவ்வாறு துணைக்குப் பயன்படுகின்றன. ஆசிரியர்காள், தெரியாததைத் தெரிந்ததோடு சேர்த்துக் கற்பிக்கும் நம் தொழில்முறையும் இதற்கு அயலன்று.

இலங்கைக் குழந்தைகட்கு இத்தடுப்பூசி 2008 இல் வழங்கத் தொடங்கப்பெற்றது. இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஏற்றப்படுவது. எட்டு மாதப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று இன்று எந்தத் தாயேனும் வினவின், கற்பிக்கும் முறையிற் கற்பித்தால் அதன் உடலுக்கு எல்லாம் தெரியும் என்பேன். ஆனால் முயல்களிற் கண்ட உண்மை மழலையின் தொட்டிலை வந்தடைய அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அந்த இடைவெளியிலேதான் என் மாணவன் பிறந்தான்.