காத்திருக்க ஒன்று வந்த பிறகு

திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவிலோ மூதூரிலோ சிறுநீரகம் செயலிழந்த பிள்ளையை வைத்திருக்கும் ஒரு குடும்பம், இன்று மாற்றுச் சத்திரசிகிச்சைக்காகக் காத்திருக்கிறது. நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன் அதே வீட்டில் காத்திருப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. முகம் வீங்கும், கால் வீங்கும், சிறுநீர் குறையும். பரியாரியிடமும் ஆஸ்பத்திரிக்கும் மாறி மாறி அலைந்து, பிறகு பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

1985இல் பேராசிரியர் ரெஸ்வி ஷெரீப்பின் குழு கொழும்பில் இலங்கையின் முதல் சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சையைச் செய்தது. 1987இல் 48ஆம் இலக்கச் சட்டம் உறுப்புத் தானத்துக்கு விதிகள் வகுத்தது. குழந்தைகளுக்கென்று கண்டியருகே பேராதனை போதனா வைத்தியசாலையில் தனித் திட்டம் தொடங்க 2004 ஆயிற்று. திருகோணமலைப் பிள்ளைகளுக்கு அது நல்ல நேரம், கெட்ட நேரம் இரண்டும்தான். போர்நிறுத்தத்தால் கண்டிப் பயணம் ஓரளவு எளிதாகியிருந்தது. அந்த வருடக் கடைசியில் சுனாமியாய்க் கடல் வந்தது. 2006இல் மாவிலாற்றுச் சண்டையோடு மீண்டும் போர் வந்தது.

அன்று கண்டிக்குப் போவதென்றால் முதலில் 'பாதை'யில் ஏற வேண்டும். கிண்ணியாத் துறையில் வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக் கரை சேர்த்த மிதவை அது. மூதூர்க்காரர் திருகோணமலை இறங்குதுறைக்குப் படகில் வந்தார்கள். அதன்பின் கந்தளாய் தாண்டி ஹபரணை வரை சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, கிளினிக் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டம். 2009 ஒக்டோபரில் 396 மீட்டர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தது. இப்போது இரவு பஸ் ஏறினால் விடியும்போது கண்டி. இதில் இழப்பு என்று சொல்ல ஏதும் உண்டா? ஒன்று உண்டு. பாதையில் வீங்கிய முகத்தோடு ஒரு பிள்ளை இருந்தால் ஆட்கள் விலகி முன்னே விடுவார்கள், யாருடைய பிள்ளை என்று கேட்பார்கள், கரை சேருமுன் ஊருக்கே தெரிந்துவிடும். பாலத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆனாலும் பாதை திரும்பி வரட்டும் என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள்.

பயணம் சுருங்கியது, காத்திருப்பு நீண்டது. இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிப்பதென்றால் வழக்கமாக வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். வயிற்றுக்குள் திரவம் விட்டு வீட்டிலேயே செய்யும் முறையும் உண்டு. அதற்குத் தூசி படாத ஓர் அறை வேண்டும், கிருமி புகாத கை வேண்டும். இடையில் தாயின் இரத்த வகை பார்க்கப்படும், இழையங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கப்படும். தாய்க்குச் சர்க்கரை வியாதி என்றால் தகப்பன். அவர் துறைமுகத்தில் கூலி வேலை செய்பவரானால், சத்திரசிகிச்சைக்குப் பின் பல வாரங்களுக்குப் பாரம் தூக்க முடியாது. சிகிச்சை அரச ஆஸ்பத்திரியில் இலவசம். ஆனால் கூலி வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளம் இல்லை. கிளினிக் கொப்பியில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியதைப் படித்துச் சொல்ல வார்டில் ஆள் தேடுவது மட்டும் அன்றுபோலவே இன்றும்.

ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தானச் சங்கம், 1964 முதல் வெளிநாடுகளுக்கு விழிவெண்படலம் அனுப்பிவந்திருக்கிறது. இறந்தவரின் கண்ணைக் கொடுக்கத் தயங்காத நாட்டில் இறந்தவரின் சிறுநீரகம் அரிதாகவே கிடைக்கிறது. கண்ணை இதயம் நின்ற பிறகு எடுக்கலாம். சிறுநீரகத்துக்கோ பெரும்பாலும் மூளை இறந்து இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே சம்மதம் கேட்க வேண்டும். அந்தக் கட்டிலருகே நிற்கும் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே பிள்ளைக்குப் பெரும்பாலும் பெற்றவர்களே கொடுக்கிறார்கள்.

2022இல் பொருளாதார நெருக்கடியால் வீதி இருந்தும் போக முடியாமல் போயிற்று. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய பிரமாண்டமான எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் மாவட்டத்திலேயே மக்கள் எரிபொருளுக்கு வரிசையில் நின்றார்கள். அந்த மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனையில் வழமையான சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. மாற்றுச் சிறுநீரகம் பெற்ற பிள்ளை நாள் தவறாமல் மாத்திரை எடுக்க வேண்டும். தவறினால் உடல் அந்தச் சிறுநீரகத்தை ஏற்க மறுக்கும்.

அப்படியே எல்லாம் சரியாக நடந்தாலும், பொருத்திய சிறுநீரகம் ஆயுள் முழுதும் உழைக்காது. பத்து, பதினைந்து வருடம், சிலருக்கு அதற்கும் மேல். எட்டு வயதில் தாயிடமிருந்து பெற்ற பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுக்குள் இன்னொன்று தேவைப்படலாம். அதைத் தானே கொடுக்கவேண்டி வரலாம் என்று சில வீடுகளில் தகப்பன் வெற்றிலையையும் சிகரெட்டையும் இப்போதே விட்டுவிடுகிறார்.