இறுக்கமான காரை இதமாக்க: ஸ்பிரிங்கைத் தொடும் முன்

ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக் வாங்கிய முதல் மாதம் எல்லாமே பிடித்திருக்கும். வளைவில் சாயாமல் திரும்புகிறது, பிரேக் பிடித்தால் மூக்கு குத்துவதில்லை, பைபாஸில் நூறில் போனாலும் ரோட்டைக் கவ்விக்கொண்டு போகிறது. அப்புறம்தான் பின் சீட்டிலிருந்து புகார் வரும். “ஏங்க, அந்தப் பள்ளத்தைப் பார்த்து ஓட்டக் கூடாதா?” பள்ளம் பெரிதாக ஒன்றும் இருக்காது. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய ஒரு கோடுதான். ஆனால் முதுகுக்குத் தெரிந்துவிடும்.

2021-ல் இந்தியச் சந்தைக்கு வந்த ஹூண்டாய் ஐ20 என் லைனை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். சாதாரண ஐ20-ம் இதுவும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாரானவைதான். முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட், பின்னால் டார்ஷன் பீம் என்ற அமைப்பும் ஒன்றேதான். என் லைனில் சஸ்பென்ஷனை இறுக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கதை பழக்கமானதே. இந்த மாதிரிக் கார் வைத்திருப்பவர் மெக்கானிக்கிடம் போனதும் கேட்கும் முதல் கேள்வி, “ஸ்பிரிங்கை மாத்தினா சரியாயிடுமா?” என் கருத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

ஏன் என்று சொல்கிறேன். காரின் உடல் ஸ்பிரிங்கின் மேல் ஏறி இறங்கி ஆடும் வேகம் குடும்பக் கார்களில் நொடிக்கு ஏறக்குறைய 1 முதல் 1.3 முறை, ஸ்போர்ட்டி கார்களில் 1.5 முதல் 2 முறை. ஸ்பிரிங்கை 30 சதவீதம் இறுக்கினால் இந்த வேகம் 14 சதவீதம்தான் கூடும். ஆனால் உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேலும் கீழுமான அதிர்வை அதிகம் உணர்வது நொடிக்கு 4 முதல் 8 முறை என்ற எல்லையில். அதற்கும் மேலே, 10 முதல் 15 முறை வரை துடிப்பது சக்கரமும் அதோடு சேர்ந்த பாகங்களும். ஆக, நம்மை வதைப்பதில் பெரும்பங்கு ஸ்பிரிங்கிலிருந்து வருவதில்லை. டயர், அதற்குள் இருக்கும் காற்று, ரப்பர் புஷ்கள், ஷாக் அப்சார்பர் இவற்றின் வழியாகத்தான் அது மேலே ஏறி வருகிறது.

அதனால் முதலில் புகார் எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். மேடு பள்ளமான ரோட்டில் தூக்கித் தூக்கிப் போடுகிறதா? சின்ன விளிம்பில்கூட ‘டக்’கென்று இடிக்கிறதா? நல்ல ரோட்டிலேயே ஸ்டீயரிங்கும் சீட்டும் நடுங்குகின்றனவா? தூக்கிப் போடுவது ஸ்பிரிங், ஷாக் சம்பந்தப்பட்டது. இடி என்றால் டயரையும் புஷ்ஷையும் பாருங்கள். நடுக்கம் பெரும்பாலும் வீல் பேலன்சிங்கில் முடிந்துவிடும், வளைந்த அலாய் வீலாக இருந்தாலொழிய.

செலவே இல்லாத வேலை காற்று. பஞ்சர் கடையிலோ பெட்ரோல் பங்க்கிலோ “நாப்பது வெச்சுடவா சார், மைலேஜ் கிடைக்கும்” என்பார்கள். நாமும் தலையாட்டிவிடுவோம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும் (போலோவில் பெட்ரோல் மூடியின் உட்பக்கம்). இந்த அளவுக் கார்களில் அதில் இருப்பது பெரும்பாலும் 30-க்கும் 35-க்கும் இடைப்பட்ட எண். 33 வைக்க வேண்டிய டயரில் 40 ஏற்றினால் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. இறுக்கமான சஸ்பென்ஷனுக்குக் கீழே இறுக்கமான டயரும் வந்தால் மிச்சமிருந்த இதமும் போயிற்று. சில கார்களின் ஸ்டிக்கரில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும், ஒன்று ஒன்றிரண்டு பேர் போகும்போது, மற்றது ஆள், லக்கேஜ் எல்லாம் ஏற்றும்போது. ஊருக்குப் போகும்போது ஏற்றிய காற்றோடு ஆறு மாதம் தனியாக ஆபீஸ் போய்வருகிறவர்கள் ஏராளம்.

காற்றைக் காலையில், வண்டி எடுக்கும் முன் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயர் சில பிஎஸ்ஐ கூடுதலாகவே காட்டும். கையடக்க டிஜிட்டல் கேஜ் ஒன்று வாங்கி டேஷ்போர்டுக்குள் போட்டுவையுங்கள், பங்க் மெஷின்கள் ஒன்றுபோல ஒன்று காட்டுவதில்லை. இதமாக இருக்கட்டும் என்று ஸ்டிக்கர் எண்ணுக்குக் கீழே போவது மட்டும் வேண்டாம். சித்திரை வெயிலில், நெடுஞ்சாலை வேகத்தில், காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். நைட்ரஜன் நிரப்பினால் சவாரி மிருதுவாகும் என்பதும் வெறும் பேச்சுதான். 33 என்றால் எந்த வாயுவுக்கும் 33-தான்.

இரண்டாவது, தேய்ந்த பாகங்கள். போலோ இந்தியாவில் 2022-லேயே நின்றுவிட்டது, ஓடிக்கொண்டிருப்பவை எல்லாம் வயதான வண்டிகள். பழைய வண்டியில் “முன்ன இப்படி இல்லையே” என்று தோன்றினால் குறை வடிவமைப்பில் இல்லை. வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஷாக்கின் தண்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கிறதா, லோயர் ஆர்ம் புஷ்ஷில் விரிசல் இருக்கிறதா, ஸ்ட்ரட் மவுன்ட் அமுங்கிவிட்டதா, லிங்க் ராடில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டயரின் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் DOT குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் அதைச் சொல்லும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் வயதேறிய ரப்பர் கெட்டிப்பட்டுவிடும்.

புஷ் மாற்றும்போது ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். பெரும்பாலான ரப்பர் புஷ்கள் முறுக்கிக்கொண்டு வேலை செய்பவை. வண்டி லிஃப்டில் தொங்கும்போதே போல்ட்டைக் கடைசி வரை இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். சவாரி முரடாகும், புது புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. கால் மணி நேரம் மிச்சம் பிடிக்கப் பல இடங்களில் இதைச் செய்வதில்லை.

மூன்றாவதுதான் உண்மையில் வித்தியாசம் தெரியும் இடம்: டயர் அளவு. என் லைனில் வருவது 195/55 R16. 195-ல் 55 சதவீதம் என்றால் பக்கச் சுவர் உயரம் 107 மி.மீ. இதே ஐ20-ன் நடுத்தர வேரியன்ட்டில் வந்த அளவு 185/65 R15, அதன் சுவர் 120 மி.மீ. இரண்டின் மொத்த விட்டமும் 621 மி.மீ.யை ஒட்டியே வருகிறது. அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, தரை இடைவெளியும் மாறாது. 13 மி.மீ. கூடுதல் ரப்பரும் காற்றும் மட்டும் கிடைக்கிறது. இடி என்ற புகாருக்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை. ஸ்விஃப்ட், எர்டிகா எல்லாம் இந்த அளவில் ஓடுவதால் எந்த ஊர் டயர் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு.

மாற்றும் முன் 15 இன்ச் வீல் உங்கள் வண்டியின் பிரேக் காலிப்பரில் உரசாமல் சுழல்கிறதா என்று மாட்டிப் பார்க்க வேண்டும். டயரின் லோட் இண்டெக்ஸும் ஸ்பீடு ரேட்டிங்கும் கம்பெனி சொன்னதற்குக் கீழே போகக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எனவே கம்பெனியே ஏற்றுக்கொள்ளும் அளவைத் தாண்ட வேண்டாம், இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வளைவில் கூர்மை கொஞ்சம் மழுங்கும். வீலை மாற்ற மனமில்லாதவர்கள் அடுத்த முறை அதே அளவில் ஸ்போர்ட்ஸ் டயருக்குப் பதில் டூரிங் வகை டயர் கேட்கலாம். அதே ரோடு அமைதியாகிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் தூக்கிப் போட்டால்தான் ஷாக்கும் ஸ்பிரிங்கும். இங்கே பலர் தலைகீழாகச் செலவழிக்கிறார்கள். பில்ஸ்டீன் என்று பெயர் கேட்டதும் பி6, பி8 வாங்கிவிடுவார்கள். அவை கம்பெனி ஷாக்கைவிட இறுக்கமானவை, பி8 தாழ்த்திய வண்டிக்கென்றே வந்தது. இதம் வேண்டுமென்றால் கம்பெனி ஷாக்குக்கு ஈடான பி4 போன்றதுதான் சரி. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்ட வண்டியாக இருந்தால் பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டினாலே பாதி நோய் தீரும். உயரம் குறைந்த வண்டிக்கு அமுங்க இடம் இல்லாமல் பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டுகிறது, நாம் அதை ஸ்பிரிங்கின் குற்றம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபரை “குஷன்” என்று சொல்லி விற்கிறார்கள். பெயரில் மட்டும்தான் குஷன். சில சுருள்களை வேலை செய்யவிடாமல் பிடித்துவைப்பதால் ஸ்பிரிங் இன்னும் இறுகும். ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டாமல் இருக்க அது உதவலாம், முதுகுக்கு உதவாது.

ஸ்பீடு பிரேக்கர் என்றதும் ஓட்டும் முறையையும் சொல்லிவிடலாம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி ஒரு ஸ்பீடு பிரேக்கர் 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள மெல்லிய வளைவு, 25 கி.மீ. வேகத்தில் தாண்டக்கூடியது. நம் தெருவில் இருப்பது வீட்டுக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட சிமென்ட் திட்டு. அதன் மேல் ஏறும்வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் எடை முழுக்க முன்னால் சாய்ந்து, முன் ஸ்பிரிங் பாதி அமுங்கிய நிலையில் மேட்டைச் சந்திக்கும். மிச்சம் அமுங்க இடமே இருக்காது. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, மேட்டுக்கு ஒரு வண்டி நீளம் முன்னால் பிரேக்கை விட்டுவிடுங்கள், மூக்கு எழும்பிவிடும். பின் சக்கரமும் இறங்கிய பிறகு ஆக்சிலரேட்டரைத் தொடுங்கள். இன்று மாலையே செய்து பார்க்கலாம். பின் சீட்டில் இருப்பவர்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் சரியாகச் செய்கிறீர்கள்.