மூணு பக்கம் தண்ணீர், சுற்றிலும் புலிக்காடு: தேக்கடி லேக் பேலஸில் தங்கப் போறீங்களா? இதைத் தெரிஞ்சிக்கோங்க

மகாராஜா தங்கிய அரண்மனையில் ஒரு ராத்திரி. ஜன்னலைத் திறந்தால் ஏரி, எதிர்க்கரையில் யானைக்கூட்டம். கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால், புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் ஒரு இடத்தில் தங்குவது சாதாரண ஹோட்டலில் ரூம் போடுவது மாதிரி இல்லை. அங்கே யாருடைய விதி செல்லும், என்ன பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது? விவரமாகப் பார்ப்போம்.

அரண்மனை எப்படி வந்தது?

கதை தொடங்குவது அணையில் இருந்துதான். 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் ஆங்கிலேய அரசுக்கும் 999 ஆண்டு குத்தகை ஒப்பந்தம் போடப்பட்டது. பென்னிகுவிக் கட்டிய முல்லைப்பெரியாறு அணை 1895-ல் முடிந்தது. பள்ளத்தாக்கில் தண்ணீர் நிரம்பி, சுமார் 26 சதுர கிலோமீட்டருக்கு ஏரி உருவானது. அப்போது மூழ்கிய மரங்களின் மொட்டைக் கட்டைகள் இன்றும் ஏரிக்கு நடுவே நிற்கின்றன. நீர்க்காகங்கள் உட்கார்ந்து சிறகு காய வைப்பது அவற்றின் மேல்தான்.

ஏரியைச் சுற்றியுள்ள காடு 1899-ல் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. திருவிதாங்கூர் மன்னர்கள் இடப்பாளையத்தில் கோடை மாளிகை வைத்துக்கொண்டார்கள். அதுதான் இன்றைய லேக் பேலஸ். கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அதை ஹோட்டலாக மாற்றியது. மொத்தம் ஆறே அறைகள்தான்.

வேட்டைக்காடு புலிக்காடு ஆனது எப்போது?

1950-ல் பெரியாறு வனவிலங்கு சரணாலயம் ஆனது. 1978-ல் புலிகள் காப்பகம். இப்போது பரப்பளவு 925 சதுர கிலோமீட்டர். அதில் 881 சதுர கிலோமீட்டர் மையப் பகுதி.

எப்படிப் போவது?

மதுரை, தேனிப் பக்கம் இருந்து கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் வழியாக மலையேறினால் குமுளி. அங்கிருந்து தேக்கடி படகுத்துறை. அதன் பிறகு படகுப் பயணம்தான். இருட்டிய பிறகு காட்டுக்குள் நடமாட்டம் கிடையாது. அதனால் மாலைக்குள் படகுத்துறையில் இருக்க வேண்டும். "ராத்திரி எட்டு மணிக்கு வந்து செக்-இன் பண்ணிக்கலாம்" என்ற நினைப்பே வேண்டாம். சாப்பாடும் அங்கேயேதான். இரவில் வெளியே போய் வாங்கி வர முடியாது.

படகில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தார்கள். யானையைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடுவது ஆபத்து.

புலி தெரியுமா?

தெரியும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீங்க. அடர்ந்த காட்டில் புலி கண்ணில் படுவது அபூர்வம். யானை, காட்டெருமை, கடமான், காட்டுப்பன்றி, நீர்நாய் இதெல்லாம் பார்க்க வாய்ப்பு அதிகம். மழைக்காலத்தில் காடு முழுக்கத் தண்ணீர் கிடைக்கும். விலங்குகள் ஏரியைத் தேடி வரத் தேவையில்லை. மார்ச், ஏப்ரலில் ஓடைகள் வற்றும்போதுதான் கரைக்கு அதிகம் வரும். ஆனா அப்போ ஏரியும் இறங்கி, படகில் இருந்து மாளிகைக்கு ஏறும் தூரம் கூடும். முதியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

காட்டுக்குள் ஹோட்டல் இருக்கலாமா?

முக்கியமான கேள்வி இதுதான். 2012 ஜூலையில் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அக்டோபரில் தேசிய புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் வந்த பிறகு தடை விலகியது. மையப் பகுதியில் சுற்றுலாவுக்கு நடக்கும் நிரந்தரத் தங்குமிடங்களைப் படிப்படியாக விலக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

விருந்தினர் வந்தால் விளக்கு எரியும், ஜெனரேட்டர் ஓடும், குப்பை சேரும். தண்ணீர் குடிக்க வரும் விலங்குக்கு இதெல்லாம் தொந்தரவு. இன்னொரு பக்கம், ஆறு அறைகளும் அரசின் கட்டுப்பாடும் என்பது வாசலில் வரிசையாக முளைக்கும் ரிசார்ட்டுகளைவிடச் சிறிய சுமை என்கிற வாதமும் உண்டு.

உள்ளூர் மக்களுக்கு என்ன?

இந்தக் காட்டில் வாழ்ந்த மன்னான், பளியர் மக்கள் பின்னாளில் குமுளிப் பக்கம் குடியமர்த்தப்பட்டார்கள். 1990-களின் கடைசியில் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், முன்பு காட்டில் மரப்பட்டை திருடியவர்களே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆனார்கள். மலையேற்றமும் மூங்கில் தெப்பப் பயணமும் இவர்களைப் போன்ற குழுக்கள் வழியாகத்தான் நடக்கின்றன. ஒரு ராத்திரி தங்கப் போகிறவர்கள், பகலில் இவர்களோடு ஒரு நடை போய்வந்தால், கொடுக்கும் காசில் ஒரு பங்கு காட்டைக் காப்பவர்கள் கைக்குப் போகும்.

ஞாபகம் வெச்சுக்க வேண்டியவை: பிளாஸ்டிக் வேண்டாம், சத்தமாகப் பாட்டு வேண்டாம், பளிச்சென்ற நிற உடை வேண்டாம், தனியாகக் கரைக்கு இறங்க வேண்டாம். மகாராஜா காலத்தில் இங்கே விருந்தாளி ராஜாவாக இருக்கலாம். இப்போ வீட்டுக்காரர் யானைதான்.